மணி என்றே போகட்டும்

குன்னூர் மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சதீஷ். தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலாயுதம் அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு கப்பல் சரக்கு வேலைகளைப் பார்த்துவருபவர்.

"டீச்சர், ஷிப்பிங் ஐயா காலையில தவறிட்டாருங்க."

என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "யார் சொன்னாங்க சதீஷ்? நேர்ல பாத்தாங்களா?"

"நான் அவங்க ஊட்டுல இருந்துதானுங்க பேசறேன். நேர்லதான் பாத்துட்டு இருக்கறேன்."

அழுதுகொண்டிருந்த குரல்தான். ஆனாலும் அதன் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. வேலாயுதம் அண்ணனிடம் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி தெரியும். ஒரு சேதியோடு அவர் முன்னால் போய் நின்றால் முதலில் அதுதான் வரும். அவர் போன சேதிக்கும் அதுவே வந்து நின்றது.

வண்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயர் சொன்னால் யோசிப்பவர்கள்கூட "ஷிப்பிங்காரர்" என்றால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். இலங்கையின் மலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாயகம் திரும்பியோர் என்று நம் அரசுத் தாள்களில் எழுதினார்களே, அந்த வருடங்களில் பெற்றோருடன் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார். அப்போதே அவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்த இளைஞர். மண்டபம் முகாமில் சில மாதம், கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில் சில வருடம், பிறகு குன்னூரில் தேயிலைப் பெட்டி அடிக்கும் கூடம். அங்கிருந்து படிப்படியாக, பெட்டி எந்தத் துறைமுகத்தில் எந்தச் சுங்கத்தைத் தாண்டி எந்தக் கப்பலில் ஏறுகிறது என்று பார்க்கும் மேசைக்கு வந்தார். ஓய்வு பெறும்வரை அந்த மேசைதான்.

அவர் எனக்குப் பழக்கமானது என் வகுப்பறையில். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பன்னாட்டு வணிகம் என்று ஒரு பாடம். துறைமுகத்தைப் பார்த்திராத மலைப் பிள்ளைகளுக்குச் சுங்கத்தை எப்படிப் புரியவைப்பது? நம் ஊரிலேயே ஒருவர் தினமும் அந்த வேலையைப் பார்க்கிறாரே என்று கூப்பிட்டுவிட்டேன். அறுத்து எடுத்த கண்டெய்னர் சீல் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"சுங்கம்னா என்னா பிள்ளைகளா?" என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "காசு புடுங்கறவங்க சார்" என்றாள். வகுப்பே சிரித்தது.

அவரும் சிரித்தார். "ஒங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர்றாரு. யாரு, எங்கருந்து வர்றீங்க, பையில என்னான்னு கேக்க மாட்டீங்களா?"

"பையில என்னன்னு மட்டும் கேப்போம் சார்."

"அதத்தான் அவுங்களும் கேக்குறாங்க. உள்ளதச் சொன்னா விட்டுருவாங்க. சுங்கம் பகையாளி இல்ல."

எனக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் பாடம் நடத்த வராது. அவர் பேசி முடித்ததும் நான் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். ஒரு பிள்ளை ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்குப் போகிறது. இங்கே மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் வருகைப் பதிவிலும் இல்லை. கப்பலேறிய சரக்கும் அப்படித்தான். இந்த நாடு அனுப்பினேன் என்று எழுதி, அந்த நாடு பெற்றுக்கொண்டேன் என்று எழுதும்வரை அது நடுவழியில் நிற்கிறது. அண்ணனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து கண்டெய்னர் சுங்கம் தாண்டினால் அலுவலகத்தில், "டீச்சர் டிசி குடுத்துட்டாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாராம்.

ஆனால் அலுவலகத்தில் நிலைத்தது அவருடைய சொந்தச் சொல்தான். இலங்கைத் தோட்டங்களில், சொன்ன எடைக்குக் கொழுந்து எடுத்தவர்களுக்கு அன்றைய நாளுக்கு முழுப்பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. அந்தப் பேச்சை அவர் அப்படியே துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். சரக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்குபவர் கைக்குப் போனால் முழுப்பேர். நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டால் அரைப்பேர். கோவையில் படித்துவிட்டு வந்த சதீஷ்கூட முதலாளியிடம், "ஹாம்பர்க் பெட்டி ரெண்டும் முழுப்பேருங்க, துபாய் ஒண்ணு அரப்பேர்ல நிக்குதுங்க" என்று சொல்வாராம். முதலாளியும் மறுவார்த்தை இல்லாமல் புரிந்துகொள்வாராம்.

சுங்க வேலைகள் எல்லாம் கணினிக்கு மாறிய காலம் அவருக்கு நல்ல காலம். முன்பெல்லாம் பெட்டி மலையை விட்டு இறங்கினால் அதோடு சரி. யாராவது தொலைபேசியில் சொன்னால்தான் உண்டு. பிறகு ஆவணங்களைக் கணினியிலேயே சுங்கத்துக்கு அனுப்பும் முறை வந்தது. ஒரு எண்ணைத் தட்டினால் சரக்கு பரிசோதனையில் இருக்கிறதா, அனுமதி கிடைத்ததா, கப்பலில் ஏறியதா என்று திரையில் தெரிந்தது. கண்டெய்னர் பூட்டுக்கே ஒரு மின்சில்லு வந்தது. வழியில் யாராவது திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பலகாரத் தூக்கின் மூடிக்கும் வாய்க்கும் சேர்த்து மாவு ஒட்டி அனுப்புவோமே, அந்த வேலையை இந்தச் சில்லு செய்கிறது. அவர் வயதுக்காரர்கள் இதையெல்லாம் பார்த்து முணுமுணுத்தபோது இவர் மட்டும் காலையில் முதல் ஆளாகப் போய்க் கணினியின் முன் உட்கார்ந்தார்.

ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். "மண்டபம் கேம்புல இருந்த நேரம், எங்க போகப்போறோம்னு எங்களுக்கே தெரியாது டீச்சர். எங்கள எங்க அனுப்பிட்டாங்கன்னு அங்க இருக்குற எங்க அத்தைக்குத் தெரியாது. காயிதம் போட்டா, அந்தக் காயிதம் எங்க நிக்குதுன்னும் தெரியாது" என்றார். பிறகு சிரித்தார். "இப்ப ஒரு தேயில மூட்டைக்கு இருக்குற மரியாதையப் பாத்தீங்களா?"

அதற்காகத் திரை சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிட மாட்டார். ஒரு முறை கொச்சித் துறைமுகத்துக்குப் போன லாரி மலைப்பாதையில் பர்லியாரில் நின்றுவிட்டது. லாரி இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி திரையில் அசையவே இல்லை. ஓட்டுநர் கைப்பேசியை எடுக்கவில்லை. பூட்டில் யாரோ கைவைக்கிறார்கள் என்று மேலாளர் பதறினார். அண்ணன் பர்லியாரில் பழக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, நம்ம லாரி அங்கன நிக்குதா?"

"நிக்குதுங்க. டிரைவர் ஓடையில குளிக்கறாரு. மாலை போட்டிருக்காருல்லங்க, பூசைக்கு நேரமாச்சுன்னாரு."

"பூட்டப் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். பூட்டு நல்லாத்தான் இருக்குது. உங்க டிரைவரத்தான் கொரங்கு பாத்துட்டு இருக்குது. வேட்டிய மேல வச்சுட்டு எறங்கிட்டாரு."

மேலாளர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "திரை சொல்றது நேத்துச் சேதி, ஆளக் கேட்டாத்தான் இன்னைக்கு" என்பது அண்ணன் வாயில் அடிக்கடி வரும். நேரில் பார்த்தார்களா என்ற கேள்வி அதிலிருந்து பிறந்ததுதான்.

இனி அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைத் தெரிந்தவர்களிலும் பலருக்கு அது முழுதாகத் தெரியாது.

அவர் வீட்டுச் சாமி அலமாரியை ஒட்டி ஒரு முக்காலி இருக்கும். அதன் மேல் கம்பளியில் சுற்றிய ஒரு பொருள். குத்துவிளக்கு என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். ஒரு அம்மன் நோன்பன்று போயிருந்தபோது, அவர் மனைவி கண்ணம்மா அந்தக் கம்பளிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்கக்கா?" என்றேன்.

"மணி டீச்சர். அடிக்காத மணி. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து ஒரு சத்தம் கேட்டதில்ல. இந்த வீட்டுல சத்தம் போடாம இருக்குறது அது ஒண்ணுதான்" என்று கணவரைப் பார்த்தார் கண்ணம்மா.

அண்ணன் கம்பளியை விலக்கிக் காட்டினார். இரு கைகளால் அணைத்துத் தூக்க வேண்டிய அளவில் ஒரு வெண்கல மணி. அதன் நாக்கில் நிறம் போன சேலைத் துணி இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

அவர்கள் இருந்த தோட்டப் பிரிவின் மாரியம்மன் கோயில் மணி அது. ஊரே இந்தியாவுக்குக் கிளம்புகிறது, எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போகப்போகிறோம் என்று அந்தச் சனங்கள் நம்பியிருக்கிறார்கள். போன இடத்தில் ஆத்தாவுக்குக் கோயில் கட்டி அதே மணியைக் கட்டலாம் என்று பேசி, முதலில் புறப்பட்ட அண்ணனின் அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். கோயில் மணி என்றால் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அப்பாவுக்குப் பயம். மணியை அண்டாவுக்குள் வைத்து, சுற்றிலும் அரிசியைக் கொட்டி, ஓசை வரக்கூடாதென்று அம்மாவின் சேலையைக் கிழித்து நாக்கைக் கட்டிவிட்டார். தலைமன்னாரில் அதிகாரி, அதில் என்ன என்று கேட்டார்.

"அண்டாவுங்க, சமைக்கிற அண்டான்னு சொன்னாரு எங்கப்பா. அந்தாளும் சரின்னு விட்டுட்டாரு. பக்கத்துல நான் மூச்ச விடாம நிக்கிறேன். சாமி மணிய அண்டான்னு சொல்லிக் கொண்டாந்துட்டோம் டீச்சர்."

வந்த இடத்தில் ஊர் ஒன்று சேரவே இல்லை. சிலரைக் கூடலூருக்கு அனுப்பினார்கள், சிலரைக் கேரளத்து ரப்பர் தோட்டத்துக்கு, சிலரை இன்னும் எங்கெங்கோ. சில குடும்பங்களின் விண்ணப்பம் நகரவே இல்லை. அவர்கள் அங்கேயே தங்கி, பிறகு அந்த நாட்டுக் குடியுரிமையே பெற்றுவிட்டார்கள். எல்லாரும் வந்ததும் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்து அப்பாவும் போய்விட்டார். முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை, மகனும் அவிழ்க்கவில்லை.

அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு, கைப்பேசி வழியாக உறவுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அங்கே தங்கிவிட்ட அத்தையின் மகள் சிவபாக்கியம் கிடைத்தார். மச்சான் முறை என்பதால் இருவருக்கும் கேலிக்குக் குறைவில்லை. ஒருநாள் நான் அங்கிருந்தபோதே சிவபாக்கியம் காணொளியில் வந்தார். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் கோயிலைக் காட்டினார். மணி இருந்த இடத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதைத்தான் இரும்புக் கம்பியால் தட்டுகிறார்களாம்.

"இத்தன வருசமும் அதுதானா?" என்றார் அண்ணன்.

"அதுக்கு என்னா மச்சான்? ஆத்தாவுக்குக் காது கேக்குது. அது போதும்."

சிவபாக்கியம் மணியைக் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்பவரும் இல்லை. ஆனால் மறுநாள் காலை அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார். "மணிய அனுப்பிரப் போறேன் டீச்சர். எங்க சனம் ஒண்ணாக் கும்புடுற கோயில் இப்ப அது ஒண்ணுதான். சித்திரைத் திருவிழாவுக்கு அங்க இருக்கணும்."

சதீஷ் சுலபமான வழி ஒன்று சொன்னார். "எதுக்குங்கய்யா இத்தனை சிரமம்? கொழும்பு போற ஆரு பையிலயாவது துணியோட துணியாக் குடுத்துடலாமுங்க. வீட்டுச் சாமான்னு சொல்லிக்கலாம்."

"வேணாம்ப்பா. ஒருக்கா அண்டான்னு சொல்லி வந்தது போதும். திரும்பப் போறப்ப மணின்னே போகட்டும்."

இதற்காகத்தான் அவர் பாடுபட்டார். மணியை அனுப்புவது பெரிய காரியமில்லை. அதை அதன் பெயரிலேயே இரண்டு நாட்டுச் சுங்கத்தையும் தாண்ட வைக்க வேண்டும். அப்பா சொன்ன சொல்லை மகன் திருத்த வேண்டும், அதுவும் அத்தை மகள் இருக்கும்போதே, அந்தக் கோயிலை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே.

பழைய உலோகப் பொருள் என்பதால், அது தொல்பொருள் அல்ல என்று ஒரு சான்று வேண்டியிருந்தது. இரண்டு முறை மலையிறங்கிப் போய் வாங்கி வந்தார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் கண்டெய்னர் ஒன்றில் பலருடைய சரக்கோடு இதற்கும் இடம் பேசினார். நிறுத்து, பெட்டி அடித்து, படம் எடுத்தார். பிறகு அலுவலகத்தில் சதீஷ் பக்கத்தில் உட்கார்ந்து, பொருள் என்ற கட்டத்தில் 'கோயில் மணி, வெண்கலம், பழையது' என்று தானே தட்டினார். அனுப்புபவர், பெறுபவர், எடை எல்லாம் சரியாகப் போயிற்று. மதிப்பு என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது.

"சாமி மணிக்கு எப்பிடிப்பா வெல போடுறது?"

"ஏதாவது போட்டாத்தானுங்க அடுத்த பக்கம் போகும்" என்றார் சதீஷ்.

வெறுமையாக விட்டுப் பார்த்தார். கணினி ஏற்கவில்லை. பூச்சியம் போட்டார். அதையும் ஏற்கவில்லை. கடைசியில் ஒரு ரூபாய் என்று போட்டார்.

"ஐயா, நான் இப்படிப் போட்டா கிழிச்சிருப்பீங்க" என்றார் சதீஷ்.

"தேயிலைக்குன்னா கிழிச்சிருப்பேன்" என்று எழுந்து போய்விட்டார்.

எத்தனையோ பேருக்கு மதிப்பைக் குறைக்காதே, மறைக்காதே என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தப் பிழையை அவரே செய்தார், அதுவும் தெரிந்தே. அவரை நான் குறை சொல்லவில்லை. உண்டியலுக்கு விலை கேட்டால் நமக்கும் அப்படித்தானே இருக்கும்?

சரக்கைப் பின்தொடரும் எண்ணை எனக்கும் அனுப்பினார். தினமும் காலையில் காபியோடு நானும் பார்ப்பேன். ஆவணம் பதிவாயிற்று. நம் பக்கத்துச் சுங்கம் பெட்டியைத் திறந்து பார்த்தது. மதிப்பைப் பற்றி ஒரு கேள்வி எழுந்து, விற்பனைக்கல்ல என்ற விளக்கத்தோடு முடிந்தது. கப்பல் ஏறிற்று. கொழும்பில் இறங்கிற்று. ஒவ்வொரு நிலைக்கும் அண்ணனிடமிருந்து ஒரு அழைப்பு. "கடல் தாண்டிருச்சு டீச்சர்" என்று சொன்ன அன்று கண்ணம்மா எங்களுக்கெல்லாம் கேசரி கிண்டினார்.

அதோடு நின்றது. சுங்கத்தில் நிறுத்தம், மதிப்புக்கு விளக்கம் தேவை என்று திரை சொன்னது. மறுநாளும் அதையே சொன்னது. அதற்கடுத்த நாளும். கொழும்பு ஏஜென்ட் மரியாதையாகப் பேசினார். அதிகாரிகள் நல்லவர்கள்தான், ஆனால் இத்தனை கிலோ வெண்கலத்தை ஒரு ரூபாய் என்று அவர்கள் எப்படி எழுதிக்கொள்வார்கள் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நம் சதீஷ் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். திருத்தம் கொடுத்தால் போதும். அண்ணன் கொடுக்கவில்லை.

"அரப்பேர்ல நிக்குது டீச்சர்" என்றார் என்னிடம். அந்தச் சொல்லை அவர் சிரிக்காமல் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான். "நான் ஒரு வெலயப் போட்டா, அம்மன் மணிய நான் வித்த மாதிரி ஆயிரும்."

திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியது. சிவபாக்கியம் தானே கூப்பிட்டார். நானும் கண்ணம்மாவும் அடுப்படியில் இருந்தோம். கைப்பேசியைச் சத்தமாக வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"என்னா மச்சான், மணி வருதா, இல்ல கொழும்புலயே கோயில் கட்டிரலாமா?"

அண்ணன் காரணத்தைச் சொன்னார். சாமிக்கு விலை இல்லை, அதனால்தான் ஒரு ரூபாய் போட்டேன் என்றார்.

சிவபாக்கியம் நிதானமாகப் பேசினார். "சாமிக்கு வெல இல்ல மச்சான். மணிக்கு இருந்துச்சு. அது என்னா வானத்துலருந்தா விழுந்துச்சு? நம்ம அப்பாமாரு, அம்மாமாரு சம்பளத்துல மாசாமாசம் புடிச்சு வாங்குன மணி. எங்கம்மா அரப்பேர் விழுந்த மாசங்கூடக் குடுத்துச்சு. நீ படிச்ச மனுசன், கணினியெல்லாம் தட்டுற. ஒரு ரூவான்னு போட்டியே, அந்தச் சனம் ஒழச்சத என்னான்னு நெனச்ச?"

அடுப்படியில் கண்ணம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அண்ணன், "சரி பாக்கியம்" என்றார்.

"என்னா சரி?"

"சரியான வெலயப் போடுறேன்."

"போடு. இல்லாட்டி நீ வந்து அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்துல தொங்கு."

அன்று மதியமே அவரோடு நானும் குன்னூர் கடைவீதிக்குப் போனேன். பாத்திரக்கடைக்காரரிடம் எடையைச் சொல்லி, படத்தைக் காட்டி, பழைய வெண்கல மணிக்கு என்ன மதிப்பு என்று எழுதி வாங்கினார். கடைக்காரர் தாராளமாகக் குறைத்துப் போடட்டுமா என்று கேட்டார். "வேணாங்க. உள்ளதப் போடுங்க. கூடப் போனாலும் பரவாயில்ல" என்றார் அண்ணன். அலுவலகத்துக்குப் போய்த் திருத்தம் அனுப்பினார். கூடவே ஒரு விளக்கம். இது இன்ன தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாங்கியது, விற்பனைக்கல்ல, எடுத்த இடத்துக்கே திரும்பப் போகிறது, முதலில் காட்டிய மதிப்பு என் பிழை. அதைத் தட்டும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. சதீஷைப் பார்த்து, "இப்பக் கிழிக்க ஒண்ணும் இல்லையே?" என்றார்.

மதிப்பு ஏறியதால் அங்கே கட்ட வேண்டிய தீர்வையும் ஏறியது. நான் கட்டுகிறேன் என்று அண்ணன் சொன்னதற்குச் சிவபாக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு வீடு காசு போட்டுக் கட்டினார்கள். அந்தச் சனம் அந்த மணியை இரண்டாம் முறை வாங்கியது என்றுதான் எனக்குத் தோன்றியது.

காப்புக் கட்டுவதற்கு முந்தைய நாள், திரையில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று வந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். ஆனாலும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "திரைதானே டீச்சர்" என்றார். தோட்டத்தில் சிக்னல் கோயில் மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை நாங்கள் மூவரும் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் கூட்டத்தின் பேச்சு. பிறகு சிவபாக்கியத்தின் குரல். "என்னா முடிச்சு இது! எங்க மாமன் போட்டது, லேசுல அவுருமா? கத்தி வேணாம், வெட்டாத, கையால அவுத்து எடு. பொறு, பொறு, நான் பாக்குறேன்." துணி இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அப்புறம் மணி அடித்தது.

கைப்பேசியின் சிறு ஓட்டை வழியாக வந்த ஓசைதான். ஆனாலும் கண்ணம்மா இரு கைகளையும் கூப்பிவிட்டார். இத்தனை வருடம் வீட்டில் இருந்த மணியை அவர் அன்றுதான் முதல்முறை கேட்டார். அண்ணன் அதை மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு என்னிடம், "நான் வேற மாதிரி நெனச்சு வச்சிருந்தேன் டீச்சர். இது அத விட நல்லாருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, சதீஷுக்குப் போன் போட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "முழுப்பேர்."

அதற்குப் பிறகும் சில வருடம் நம்மோடு இருந்தார். முக்காலியில் கண்ணம்மா ஒரு மணிபிளாண்ட் தொட்டியை வைத்தார். தேயிலைக் கண்டெய்னர்களின் எண்களைச் சதீஷிடமிருந்து வாங்கி, சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். உடம்புக்கு முடியாமல் போன கடைசி மாதங்களில் நான் போனால், "எது எங்க நிக்குது டீச்சர்?" என்று கேட்பார். என் பேரப்பிள்ளையின் பரீட்சை, மேட்டுப்பாளையம் சாலை வேலை, எல்லாவற்றுக்கும் நிலவரம் சொல்ல வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் சிவபாக்கியம் என்னைக் கூப்பிட்டார். அழுது ஓய்ந்த குரல்.

"பூசைய நிறுத்தல டீச்சர். மணி நாக்க மட்டும் கட்டி வச்சிட்டோம். எங்க வீட்டுச் சாவுதானே. அந்தப் பழைய சேலத் துணி கோயில்லயேதான் இருந்துச்சு. அதாலயே கட்டுனேன். காரியம் முடிஞ்ச அன்னைக்கு அவுப்போம். அவுத்ததும் ஒங்களுக்குச் சேதி அனுப்புறேன்."

நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்று பழகியும், எனக்குப் பிறர் சொல்வதை உடனே நம்பிவிடும் குணம் உண்டு. அண்ணனிடம் பழகிய வருடங்களில் அது கொஞ்சம் மாறிவிட்டது. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு ஆளிடம் கேட்க வேண்டும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவ்வளவுதான். அதனால் சிவபாக்கியத்திடம், சேதி மட்டும் போதாது, அடித்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்க, காரியம் முடியும் அன்று சாயங்காலம் கண்ணம்மா அக்கா வீட்டில்தான் இருப்பேன்.